இடது கையை உயர்த்த வேண்டாம்

இபுவுக்கு என்ன நடந்தது என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரு சின்னப் பதில் இருக்கிறது. தமிழ்க் கடையிலோ கோயில் வாசலிலோ யாராவது மறித்துக் கேட்டால், "இதயத்திலை ஒரு பிரச்சினை, இப்ப சுகம்" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன். ஆனால் ஆஸ்பத்திரிக் கதிரையில் எங்களைப் போல உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு அந்தப் பதில் உதவாது. அந்த நாட்களில் யாராவது எனக்கு விபரமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். இதில் அழுகை குறைவாகத்தான் இருக்கும். நான் அப்போது அழவில்லை. ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

என் கணவரின் முழுப் பெயர் இப்ராஹிமா. செனகல் நாட்டுக்காரர், தொழில்முறைக் கூடைப்பந்து வீரர். தியெஸ் என்ற ஊரில் ஒரு ரயில்வே ஊழியரின் மூத்த மகன். பதினைந்து வயதில் வீட்டுக் கதவு நிலையில் தலை முட்டத் தொடங்கியதாம். அப்போது சந்தையில் ஒரு பயிற்சியாளர் அவரை மறித்து, "உன் கால் என்ன அளவு?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் காலுக்கு அந்த ஊரில் சப்பாத்து இல்லை. அடுத்த வாரம் அவரே யாரோ போட்டுக் கழித்த ஒரு சோடியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவரைக்கும் இபு கூடைப்பந்தைத் தொட்டதே இல்லை.

பத்தொன்பது வயதில் பிரான்சில் ஒரு சின்ன நகரக் கழகம். பிறகு போர்த்துக்கல், ருமேனியா, பின்லாந்து. எல்லாம் ஒரு பருவத்துக்கான ஒப்பந்தங்கள். மே மாதம் வந்தால் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகஸ்டில் வேறொரு நாடு, வேறொரு மொழி, திரும்பவும் சின்னக் கட்டில். அமெரிக்காவிலிருந்து வருகிற வீரர்களைப் புள்ளி எடுக்கவென்று கூப்பிடுவார்கள். இபுவைக் கூப்பிட்டது அவர்கள் தவறவிடுகிற பந்தைப் பிடிப்பதற்கு. வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்தை மற்றவர்களுக்கு முன்னால் எழும்பி எடுப்பதை ரீபவுண்ட் என்பார்கள். பதின்மூன்று வருடம் அவர் அதைத்தான் செய்தார். பத்திரிகையில் படம் வராது. ஆனால் அவர் இல்லாவிட்டால் அணி தோற்கும் என்று பயிற்சியாளர்களுக்குத் தெரியும்.

நான் டென்மார்க்கிலுள்ள சில்க்போர்க் நகரில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். பக்கத்து நகரக் கழகத்துக்கு இபு வந்த முதல் பருவத்தில் யாருடையதோ முழங்கை பட்டு அவருடைய முன்பல் பாதி போய்விட்டது. அப்படித்தான் எங்கள் கதிரைக்கு வந்தார். கதிரையை எவ்வளவு நீட்டினாலும் முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே கிடந்தது. நான் முதலில் பழகியது அவருடைய வாயோடுதான் என்று பகிடியாகச் சொல்வேன்.

அவரைக் கலியாணம் செய்யப்போகிறேன் என்றபோது அப்பா ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, ஓய்வு பெறும்வரை ஒரே தொழிற்சாலையில் நின்று வேலை செய்தவர். மகளின் கலியாணத்துக்கு வேறு கணக்குகள் வைத்திருந்தார். எங்கள் மகள் பிறந்த பிறகுதான் வந்தார். குழந்தைக்கு செனகலில் வழக்கமான பெயரொன்றை, அவா என்று, வைத்தோம். எங்கள் பேச்சில் ஒரு பெண்ணை மரியாதையாக 'அவா' என்போம். அம்மா சிரித்தார். "அவா வந்தா, அவா போனா எண்டால் சனம் எந்த அவா எண்டு கேக்கப்போகுது!" அப்பா சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை விளையாட்டு மண்டபத்துக்கு வந்தார். அதன் பிறகு இபு விளையாடிய ஒரு உள்ளூர் ஆட்டத்தையும் அவர் தவறவிடவில்லை. விதிகள் பாதி விளங்காது. "தம்பி பந்தை எடுத்திட்டார்" என்பது மட்டும் விளங்கும்.

இதெல்லாம் நடந்த வருடம் பெப்ரவரியில், இபுவுக்குச் செனகல் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு வரும்படி அழைப்பு வந்தது. இருபத்தைந்து வயதில் ஒருமுறை போய், கடைசித் தெரிவில் இடம் கிடைக்காமல் திரும்பி வந்தவர். முப்பத்திரண்டில் இன்னொருமுறை கூப்பிடுவார்கள் என்று அவர்கூட நினைக்கவில்லை. அந்த மின்னஞ்சலை எனக்குக் காட்டுவதற்கு முன் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், பயிற்சியின்போது இபு விழுந்தார்.

ஒருவரும் இடிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தவர் நின்று, எதையோ யோசிப்பதுபோல நிலத்தைப் பார்த்தாராம். பிறகு முகம் குப்புற விழுந்தார். அணியில் ராஸ்முஸ் என்று ஒரு பெடியன் இருக்கிறான். பகலில் மின்சார வேலை செய்பவன். டென்மார்க்கில் கார் லைசென்ஸ் எடுப்பதற்கு முதலுதவி கட்டாயம் படிக்க வேண்டும். அவன் அதற்காகப் படித்ததுதான். ஓடிவந்து இபுவைத் திருப்பிப் போட்டு நெஞ்சை அமுக்கத் தொடங்கினான். இன்னொருவர் சுவரில் தொங்கிய மின்அதிர்ச்சிப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அந்தப் பெட்டி தானாகவே பேசும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். இரண்டாவது அதிர்ச்சியில் இதயம் திரும்ப வந்தது.

பயிற்சியாளர் எனக்குத் தொலைபேசி எடுத்து, "தர்சினி, இபு விழுந்துவிட்டார். ஹெலிகொப்டரில் ஆர்ஹூஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள்" என்றார். நான், "சரி, நன்றி" என்றேன். கையில் இருந்த கருவிகளை ஸ்டெரிலைசருக்குள் அடுக்கி, கதவை மூடி, பொத்தானை அழுத்திவிட்டுத்தான் உடுப்பை மாற்றினேன். பிறகு அம்மாவுக்கு எடுத்தேன்.

"இபு விழுந்திட்டார் அம்மா. நான் ஆர்ஹூஸுக்குப் போறன். அவாவைப் பள்ளிக்கூடத்திலை இருந்து எடுங்கோ."

"ஐயோ பிள்ளை, என்ன சொல்லுறாய்? எங்கை விழுந்தவர்?"

"இரவைக்கு அவளுக்குப் புட்டுக் குடுக்க வேண்டாம். நேற்றும் புட்டுத்தான்."

ஏன் அந்த நேரத்தில் புட்டைப் பற்றிச் சொன்னேன் என்று அம்மா இப்போதும் கேட்பார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இபுவைப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது அவருடைய பாதங்கள்தான். கட்டிலின் விளிம்பைத் தாண்டி, ஒரு தலையணை அடுக்கிய கதிரையின்மேல் வைத்திருந்தார்கள். பிறகு ஒரு ஊழியர் வந்து கட்டிலின் கால்மாட்டில் ஒரு துண்டைப் பூட்டி நீளமாக்கினார். அதை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயில் குழாய், கழுத்தில் ஊசி, நெஞ்சில் கம்பிகள். அவற்றைப் பார்ப்பதைவிடத் திருகாணிகளைப் பார்ப்பது சுலபமாக இருந்தது.

மெட்டே என்ற இதய வைத்தியர் என்னை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். இங்கே வைத்தியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். "அவருடைய இதயம் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்கத் தொடங்கியது. நடுங்குகிற இதயத்தால் இரத்தத்தைத் தள்ள முடியாது. மின்அதிர்ச்சி அந்த நடுக்கத்தை நிறுத்தி, இதயத்தைப் புதிதாகத் தொடங்க வைத்திருக்கிறது" என்றார். மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறார்களாம். காய்ச்சல் வந்தால் மூளைக்குக் கூடாது என்பதால் உடம்புச் சூட்டை ஒரு இயந்திரம் கவனிக்கிறதாம். நாளைக்கு எழுப்புவார்கள். எழுப்பிய பிறகுதான் மூளை எப்படி இருக்கிறது என்று தெரியும்.

"ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார்.

காரை எங்கே விடலாம் என்று கேட்டேன்.

அடுத்த நாள் காலையில் அப்பா ரயிலேறி வந்தார். கையில் சாப்பாட்டுப் பெட்டி, பிளாஸ்கில் தேநீர். காத்திருக்கும் அறையில் ஒரு வயதான டெனிஷ் மனிதர் மட்டும் இருந்தார். அவர் மனைவி உள்ளே. அப்பா அவருக்கும் ஒரு கப்பில் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சாப்பிடு பிள்ளை. அம்மா இடியப்பம் அவிச்சுத் தந்தவ."

"பசிக்கேல்லை அப்பா."

"பசிக்காட்டியும் சாப்பிடு. தம்பி எழும்பேக்கை நீ விழுந்து கிடக்கக் கூடாது."

சாப்பிட்டேன். உப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

இபுவை எழுப்பினார்கள். குழாயை எடுத்த பிறகு நெடுநேரம் கண்களை மூடிக்கொண்டே கிடந்தார். பிறகு என்னைப் பார்த்து, கரகரத்த குரலில், "வென்றோமா?" என்று கேட்டார்.

"ஆட்டம் இல்லை, இபு. பயிற்சி. உங்கள் இதயம் நின்றுவிட்டது. இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள்."

அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். கண் கலங்கியது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி என்னைப் பார்த்தார்.

"வென்றோமா?"

இதயம் நின்று வருகிற பலருக்கு இப்படி நடக்குமாம். மூளை புதிய செய்தியைப் பிடித்து வைக்காது. சில நாட்களில் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று தாதி சொன்னார். அது தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் நானே அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் அதை முதல்முறையாகக் கேட்டார். அதே அதிர்ச்சி, அதே கண்ணீர். எனக்கோ அந்த வசனம் விமான நிலையத்து அறிவித்தல் போல ஆகிவிட்டது. ஒரு கட்டத்தில் என் குரல் எங்கிருந்தோ தனியாக வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா அதைக் கவனித்திருக்க வேண்டும். "நீ கொஞ்சம் வெளியிலை போய் இரு. நான் சொல்லுறன்" என்றார். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அப்பா தன்னிடமிருந்த எல்லா மொழிகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னார். "தம்பி, மாட்ச் இல்லை. ட்ரெய்னிங். ஹார்ட் ஸ்டொப். இப்ப ஓகே. நான் இருக்கிறன்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே குரலில் அதையே சொன்னார். பின்னேரம் வரைக்கும் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று ராஸ்முஸும் வந்தான். பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பூ கொண்டுவரக் கூடாது. "மன்னிக்கவும். இரண்டு விலா எலும்பை உடைத்துவிட்டேன். உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆனாலும் நிறுத்தக் கூடாது என்று படிப்பித்திருந்தார்கள்" என்றான். அவனைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை எழவில்லை. அவனிடமிருந்த பூவை மட்டும் வாங்கிக்கொண்டேன். அப்பாதான் எழும்பிப் போய் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தார். அவன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். பிறகு அவன் அழுதான்.

நாலைந்து நாட்களில் சாதாரணப் பிரிவுக்கு மாற்றினார்கள். எக்கோ என்கிற ஒலி அலைப் பரிசோதனை செய்தார்கள். வயிற்றிலுள்ள குழந்தையைப் பார்ப்பதுபோல இதயத்தைத் திரையில் பார்ப்பது அது. பிறகு எம்.ஆர்.ஐ. அந்தக் குழாய்க்குள் தோள் நுழையாமல் இபுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார்கள். ஒலிபெருக்கியில் "மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள்" என்று ஒரு குரல் மாறி மாறிச் சொன்னது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற நானும் அந்தக் குரலுக்கேற்பத்தான் மூச்சு விட்டேன்.

மெட்டே ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார். இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் தடிப்பாகக் கறுப்படித்தார். "இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்திருக்கிறது. கடும் பயிற்சி செய்கிறவர்களுக்கும் இதயம் கொஞ்சம் தடிக்கும். இது அந்த வகை இல்லை. பிறப்போடு வருவது. தசை இழைகள் ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடப்பதால் மின்னோட்டம் வழி தவறிவிடும், விசேஷமாக உடம்பு உச்ச வேகத்தில் இயங்கும்போது."

"பிரான்சில் என் இதய வரைபடத்தைப் பார்த்தார்கள்" என்றார் இபு. "ஆபிரிக்க வீரர்களுக்கு இப்படித்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்."

"நிறையப் பேருக்கு அது உண்மை. அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்" என்றார் மெட்டே. பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு, "போட்டி விளையாட்டு இனி வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை, இபு. தோலுக்குக் கீழே ஒரு கருவி வைப்போம். இதயம் மறுபடி நடுங்கினால் அது உள்ளேயே அதிர்ச்சி கொடுக்கும். ஆனால் அது கார் பெல்ட் மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு சுவரில் மோதப் போகக் கூடாது" என்றார்.

இபு தலையை ஆட்டினார். பின்னேரம் அவாவோடு வீடியோவில் கதைத்துச் சிரித்தார். நன்றாகத் தாங்கிக்கொண்டார் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை நான் உள்ளே போனதும், "சனிக்கிழமை ஆட்டத்துக்கு விடுவார்களா என்று மெட்டேயிடம் கேட்டாயா?" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் நிறைந்திருந்த தண்ணீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு, நிரப்பப் போகிறவர்போல வெளியே போனார்.

"இபு, இனி விளையாட முடியாது. நேற்று மெட்டே சொன்னார். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்."

அவர் நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தார். "நேற்று நான் என்ன சொன்னேன்?"

"ஒன்றும் சொல்லவில்லை."

"அப்படியென்றால் இன்றைக்கும் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். இந்தமுறை கேட்டது அவருக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து நினைவு தங்கத் தொடங்கிவிட்டது.

அன்று மதியம் மெட்டே வந்து கேட்டார். "உங்கள் குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா?"

மூசா என்று இபுவுக்கு ஒரு தம்பி இருந்தது எனக்குத் தெரியும். பதினாறு வயதில் கால்பந்து மைதானத்தில் இறந்தவன். நோன்பு மாதம். தண்ணீர்கூடக் குடிக்காமல் கொதிக்கிற வெயிலில் விளையாடியதால் இறந்தான் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அப்படித்தான் எனக்கும் சொல்லியிருந்தார். இப்போது அதே கதையை மெட்டேயிடம் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

"ஓடிக்கொண்டிருந்தவன் நின்றான் என்றார்கள். நிலத்தைப் பார்த்தான் என்றார்கள்."

மெட்டே எழுதுவதை நிறுத்தினார். இது குடும்பத்தில் பரவுகிற நோய் என்று மெதுவாகச் சொன்னார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு வர, பாதிக்குப் பாதி வாய்ப்பு. இபுவின் இரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்புவார்கள். குறைபாடு எதுவென்று தெரிந்தால் அவாவையும் பார்ப்பார்கள். அவாவுக்கு எட்டு வயது. மண்டபத்தில் தந்தையின் பயிற்சி முடிந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு வளையத்தின் கீழே ஓடுகிறவள்.

"சரி" என்றேன். அந்த நாட்களில் நான் மிக அதிகமாகச் சொன்ன சொல் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை இபு தாயாருக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்கள் வொலொஃப் மொழியில் கதைப்பார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. இபு நீளமாகச் சொன்னார். பிறகு அந்தம்மா ஒரு கேள்வி கேட்டார். இபு ஒரு சொல்லில் பதில் சொன்னார். அவர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். இபுவும் திரும்பச் சொன்னார். பிறகு அந்தம்மா தாழ்ந்த குரலில் எதையோ சொல்லி முடித்தார். இரண்டு பேரும் உடனே இணைப்பைத் துண்டிக்கவில்லை.

போனை வைத்த பிறகு கேட்டேன்.

"'அப்போ காரணம் நோன்பு இல்லையா?' என்று கேட்டார்" என்றார் இபு. "அன்று காலை மூசா தலை சுற்றுகிறது, நோன்பை விடவா என்று கேட்டிருக்கிறான். அம்மா, 'இன்றைக்கு மட்டும் பிடி' என்றாராம். இத்தனை வருடமும் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. இப்போதுதான் சொன்னார்."

அவருடைய போர்வையின் மூலையைச் சரிசெய்தேன்.

கருவியை வைத்தார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி இரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குப் போகிறது. வீட்டுக்கு அனுப்பும்போது தாதி விளக்கினார். கம்பி உள்ளே ஒட்டிப் பிடிக்கும்வரை சில வாரங்களுக்கு இடது கையைத் தோளுக்கு மேலே உயர்த்த வேண்டாம். கொஞ்ச நாள் கார் ஓட்டக் கூடாது. இபுவைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளில் ஒன்றுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் எங்களிடம் ஒரு கட்டணமும் கேட்கவில்லை. கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கூட அதைத்தான் முதலில் கேட்டார்.

"கையை உயர்த்த வேண்டாமாம்" என்று காரில் வரும்போது இபு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பதினைந்து வயதிலிருந்து அவரை எல்லோரும் கையை உயர்த்தச் சொன்னவர்கள்தான்.

ஒற்றைக் கையால் சட்டை போடவோ தலை கழுவவோ அவரால் முடியவில்லை. நான் வேலைக்குப் போகத் தொடங்கியதும் அப்பா காலையில் வருவார். அப்பா குள்ளம். அவா பல் தீட்டுவதற்கு ஏறி நிற்கிற பிளாஸ்டிக் முக்காலியைக் குளியலறையில் போட்டு, அதில் ஏறி நின்று இபுவின் தலையைக் கழுவுவார். ஒருநாள் நான் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது கண்டேன். இபு தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். அப்பா ஒரு கையால் அவர் கண்ணுக்குள் நுரை போகாமல் மறைத்துப் பிடித்திருக்கிறார்.

"கண்ணை மூடுங்கோ தம்பி."

"ஓம், மாமா."

சத்தம் போடாமல் வெளியே வந்துவிட்டேன்.

ஏப்ரலில் இபுவின் ஏஜெண்ட் அழைத்தார். வேறொரு நாட்டில் ஒரு கழகம் உயரமான ஆளைத் தேடுகிறதாம். இதயப் பரிசோதனை கேட்க மாட்டார்கள். தன் பொறுப்பில் விளையாடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் காணும். உள்ளே கருவி இருக்கிறதே, பிறகென்ன பயம் என்றாராம்.

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். போக வேண்டாம் என்று நான் கத்தியிருக்க வேண்டும். என்னால் கத்த முடியவில்லை. என் குரல் அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே நின்றுவிட்டது.

"அந்த வளையத்துக்குக் கீழே நிற்கும்போது மட்டும்தான் என் உயரம் சரியான உயரம்" என்றார் இபு. "மற்ற எல்லா இடத்திலும், கதவு, கட்டில், பஸ், நான் தப்பான அளவு. தேசிய அணியும் போய்விட்டது. இன்னும் ஒரே ஒரு பருவம், தர்சினி. ஒரு பருவம் விளையாடி, நானாக நிறுத்தினால் போதும்."

கோடை வரைக்கும் யோசிக்க நேரம் தரும்படி ஏஜெண்டிடம் சொல்லியிருந்தார். அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கை சரியான பிறகு, காலையில் காட்டுப் பாதையில் நடக்கப் போகத் தொடங்கினார். திரும்பி வரும்போது சட்டை நடந்தவரின் சட்டை போல இருக்காது, ஓடியவரின் சட்டை போல நனைந்திருக்கும். நான் அதைத் துவைத்துக் காயப்போட்டேன்.

இபுவின் இரத்தத்தில் குறைபாடு எதுவென்று தெரிந்த பிறகு அவாவின் முறை வந்தது. எக்கோவின்போது குளிர்ந்த ஜெல் பட்டு அவள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள். இரத்தம் எடுத்தபோது முகத்தைத் திருப்பாமல் ஊசியையே பார்த்தாள். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய வாரத்தில் எங்களை அழைத்தார்கள். அம்மா அவாவை வெளியே விளையாட்டு மூலையில் வைத்துக்கொண்டார். நானும் இபுவும் உள்ளே போனோம்.

மெட்டே சுற்றி வளைக்கவில்லை. "அவாவுக்கும் அந்த மரபணு இருக்கிறது" என்றார். பிறகு, "அவளுடைய இதயம் இன்றைக்குச் சாதாரணமாக இருக்கிறது. தடிப்பு இல்லை. வரலாம், வராமலும் போகலாம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டே இருப்போம். இப்போதைக்கு அவள் மற்றப் பிள்ளைகளைப் போல ஓடலாம், விளையாடலாம்" என்றார்.

"ஓடலாமா?" என்று இபு கேட்டார்.

"ஓடலாம்."

அவர் திரும்பவும் அதையே கேட்டார். மெட்டே திரும்பவும் அதையே சொன்னார்.

கார் நிறுத்துமிடத்தில் அவாவையும் அம்மாவையும் காருக்குள் ஏற்றிவிட்டு, இபு கொஞ்சம் தள்ளிப் போய் நின்று ஏஜெண்டுக்கு அழைத்தார். பிரெஞ்சில் கதைத்தார். அந்த மனிதர் மறுபக்கத்தில் நிறையப் பேசினார் போல. இபு 'இல்லை' என்ற ஒரு சொல்லை மட்டும் சில தடவை சொன்னார். கடைசியில், எனக்கும் விளங்குகிற அளவுக்கு மெதுவாக, "என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்" என்றார். பிறகு போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வந்து காரில் ஏறினார். முன் இருக்கையை எவ்வளவு பின்னுக்குத் தள்ளினாலும் முழங்கால் இடிக்கும். வழக்கம்போல இடித்தது.

அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு, நாங்கள் மூன்று பேரும் ஏரிக்கரைக்குப் போனோம். அவாவுக்கு நாங்களே சொல்வது நல்லது என்று மெட்டே சொல்லியிருந்தார். இபு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தன் இதயத்தையும் அவளுடைய இதயத்தையும் பற்றி டெனிஷில் சொன்னார். மூசாவைப் பற்றியும் சொன்னார். அவா சப்பாத்து நுனியால் சரளைக் கல்லைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"மூசாவுக்கு ஒருவரும் சொல்லவில்லையா?"

"இல்லை. ஒருவருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவா.

கொஞ்ச நேரம் எங்களோடு நின்றாள். தூரத்தில் இறங்குதுறையில் தன் வகுப்புப் பிள்ளைகள் யாரையோ கண்டுவிட்டாள். எங்களைத் திரும்பிப் பாராமல் ஓடத் தொடங்கினாள். தந்தையின் கால்கள்தான் அவளுக்கும். வேகமாக ஓடுவாள்.

இபு பெஞ்சிலிருந்து பாதி எழும்பினார். நானும் வாயைத் திறந்தேன். ஓடாதே என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. அவள் அங்கே போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.